வெள்ளி விழாவுக்குப் பத்து நாள், கையில் ஆறாயிரம் ரூபாய்: படகில் போகலாமா?

உழவர் கேள்வி – அலுவலர் பதில்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி மொட்டுப்புழுவைப் பற்றி இருக்கும். மீதி, பி.எம். கிசான் தவணை ஏன் வரவில்லை என்று இருக்கும். ஓணத்துக்கு முந்தைய வாரம் வந்த ஒரு கடிதம் இரண்டிலும் சேராதது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. கடிதத்தை அப்படியே தருகிறேன்.

“ஐயா, தோவாளைக்குப் பக்கத்தில் 40 சென்ட் பிச்சியும் 20 சென்ட் அரளியும் வைத்திருக்கிறேன். ஓணம் கழிந்து ஐந்தாம் நாள் எங்களுக்குக் கல்யாணம் ஆகி 25 வருஷம் முடிகிறது. எங்க வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை, கப்பலில் போக வேண்டும் என்று. டிவியில் பார்த்துவிட்டு இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இந்த ஓணத்துக்குப் பூ நல்ல விலைக்குப் போனால் கையில் ஆறாயிரம் நிற்கும். ஒரு கப்பல் கம்பெனி மாதத் தவணையில் டிக்கெட் தருகிறது என்று மகன் போனில் பார்த்துச் சொல்கிறான். கிசான் கடன் அட்டையில் எடுக்கலாமா, நகையை வைக்கலாமா? இரண்டு நாள் தோட்டத்தை விட்டுப் போனால் செடிக்குக் கேடு வருமா? அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்ய நினைக்கிறேன். பெயர் போட வேண்டாம். உங்கள் பத்திரிகையை வீட்டில் முதலில் வாசிப்பது அவள்தான்.”

பத்து நாளில் முடிய வேண்டிய காரியத்துக்கு அடுத்த இதழில் பதில் எழுதிப் பயனில்லை. அதனால் அன்றைக்கே போனில் பேசினேன். இப்போது அவர்கள் போய்விட்டும் வந்துவிட்டார்கள். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லி இருவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். இதே ஆசை இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால், சொன்னதையும் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கடன் வாங்கலாமா?

கிசான் கடன் அட்டையைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பயிர்ச் செலவுக்கான தொகையோடு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுத் தேவைக்கும் என்று 10 சதவீதம் சேர்த்தே வரம்பு போடுகிறார்கள். எனவே அதில் வீட்டுச் செலவுக்கு எடுப்பது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

காரணம் எளிது. வங்கியில் இந்தக் கடனுக்கு வட்டி 7 சதவீதம். நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை கிடைத்து 4 சதவீதமாகக் குறையும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் குறித்த நாளில் கட்டினால் நமக்கு வட்டியே இல்லை. நாள் தவறினால் இந்தச் சலுகை எல்லாம் போய்விடும். பூ விலை இன்று ஏறும், நாளை விழும். ஓணம் முடிந்த மறுவாரமே சந்தை படுத்துவிடும். அந்த நேரத்தில் உரத்துக்கு வைத்த பணத்தைப் பயணத்துக்குச் செலவழித்தால், பயணத்தின் விலை ஆறாயிரத்தோடு நிற்காது.

நகை விஷயமும் அதேதான். நம் வீடுகளில் நகை வங்கிக்குப் போவது உரத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகளின் பீஸுக்கும். திருமண நாளைக் கொண்டாட, திருமணத்துக்குப் போட்ட நகையையே கொண்டுபோய் வைப்பது எந்த வீட்டம்மாவுக்கும் பிடிக்காது. தவணை டிக்கெட்டும் கடன்தான். “வட்டி இல்லை” என்று போட்டிருந்தாலும், வேறு பெயரில் ஒரு கட்டணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் இருப்பது ஆறாயிரம் என்றால், பயணம் ஆறாயிரத்துக்குள் அடங்க வேண்டும். நான் சொன்ன முதல் விதி அதுதான்.

பெரிய கப்பல் எவ்வளவு தூரம்?

மகன் காட்டியது போன்ற உல்லாசக் கப்பல் நம் மாநிலத்திலிருந்தே புறப்படுகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா கப்பலை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் கப்பலுக்குள்ளேயே உண்டு. ஆனால் இரண்டு பேருக்கு என்று கணக்குப் போட்டால் பல பத்தாயிரங்கள் ஆகும். இந்த மாதிரி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் ஓர் ஆளுக்கு உரியது. வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் கடைசிப் பக்கத்தில் சேரும். நாகர்கோவிலிலிருந்து சென்னை போய் வரும் செலவு வேறு. நமக்கு அது ஒத்துவராது.

அப்படியானால் கன்னியாகுமரிப் படகு? பூம்புகார் கப்பல் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் சிலைக்கும் போகலாம்தான். ஆனால் தோவாளைக்காரர்களுக்கு அது விருந்தாளிகளைக் கூட்டிப்போகிற இடம். “அந்தப் போட்டுல பத்து தடவ ஏறியாச்சு சார்” என்றார் அவர். கடல் சீறினாலும் உள்வாங்கினாலும் அன்றைக்குப் படகும் நின்றுவிடும்.

கடலைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கொச்சி இருக்கிறது. 2023 ஏப்ரல் 25-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் 20, 40 ரூபாய்க்குக் குளுகுளு படகில் தீவு தீவாகப் போகலாம். கேரள அரசு நிறுவனத்தின் ‘நெஃபர்டிட்டி’ என்ற சுற்றுலாக் கப்பல் 2018 முதல் கொச்சியிலிருந்து சில மணி நேரம் கடலுக்குள் கூட்டிப்போய்த் திரும்புகிறது. ஆனால் டிக்கெட் விலை, தூரம் இரண்டையும் பார்த்தால் ஆறாயிரத்தில் இடிக்கும்.

பக்கத்திலேயே இருக்கும் வழி

1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்தான். அந்தக் காலத்தில் நெல்லும் தேங்காயும் கயிறும் தண்ணீர் வழியாகத்தான் அதிகம் போயின. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 1860-ல் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய் நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. அது முழுதாக முடியவில்லை, இன்று பல இடங்களில் தூர்ந்தும் கிடக்கிறது. ஆனால் வடக்கே கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் பக்கத்தில் அந்த நீர்வழிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அங்கே பள்ளிப் பிள்ளைகளும் மீன்காரப் பெண்களும் ஏறி இறங்கும் சாதாரணப் படகுகளைக் கேரள மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை ஓட்டுகிறது. 1968-ல் தொடங்கிய துறை அது. கட்டணம் டவுன்பஸ் மாதிரிதான்.

இதை வைத்து அவருக்கு இரண்டு வழிகள் சொன்னேன்.

முதல் வழி, ஒரே நாளில் போய்த் திரும்புவது. நாகர்கோவிலிலிருந்து கொல்லம் ரயிலில் சுமார் 136 கிலோமீட்டர். விடியற்காலை ரயிலில் போய் இறங்கினால், கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து ‘சீ அஷ்டமுடி’ என்ற அரசுச் சுற்றுலாப் படகு முற்பகலில் கிளம்பி அஷ்டமுடிக் காயலைச் சுற்றிவிட்டு மாலையில் திரும்புகிறது. ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். மாடு வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் வயசானவர்கள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் வழி, ஒரு ராத்திரி தங்குவது. காலை ரயிலில் கோட்டயம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கோடிமதைப் படகுத்துறை. அங்கிருந்து ஆலப்புழைக்குச் சாதாரணப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம். முதலில் குறுகலான தோடு, பிறகு வேம்பநாட்டுக் காயல், பிறகு வயல்களுக்கு நடுவே கால்வாய். சுற்றுலாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கும் அதே தண்ணீர், அதே கரை. ஆலப்புழையில் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே எளிய அறை எடுத்துத் தங்கலாம். மறுநாள் காலை நெடுமுடிக்கு ஒரு சாதாரணப் படகில் போய் வந்துவிட்டு, கடலோரப் பாதை ரயிலில் திருவனந்தபுரம், அங்கே மாறி நாகர்கோவில்.

படகுத்துறைக்குப் போகுமுன் நேரத்தைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டுக்கு மேலுள்ள பாலம் பழுதானாலோ பாசி அடைத்தாலோ படகு வேறு கடவிலிருந்து புறப்படுவது உண்டு. ஆகஸ்டில் நேரு கோப்பை வள்ளப் போட்டி நடக்கும் நாளில் ஆலப்புழைப் பக்கம் படகே கிடைக்காது. ஓண விடுமுறை நாட்களில் நிற்க இடம் இருக்காது. இவர்கள் நாள் ஓணம் கழிந்து ஐந்தாம் நாள் என்பது நல்லதாகப் போயிற்று.

போன வாரம் இரண்டு பேர் “ஹவுஸ்போட் எப்படி சார்?” என்று கேட்டார்கள். என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருபதாம் ஆண்டு நாளில், முன்பதிவு இல்லாமல் ஒரு காயலோர ஊருக்குப் போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு தரகர் பிடித்துக்கொண்டார். போட்டோவில் காட்டியது ஒரு படகு, ஏற்றிவிட்டது வேறு படகு. ஏ.சி. இருக்கிறது என்றார். இருந்தது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ஓடியது. மாலை ஐந்தரைக்கே படகை ஒரு தென்னந்தோப்பு ஓரம் கட்டிவிட்டார்கள். மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் அதற்குமேல் ஓட்டக் கூடாதாம். அது நியாயமான விதி, ஆனால் பணம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அன்று கொடுத்த தொகையை இன்னும் என் வீட்டம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. எடுப்பதானால் இந்த நான்கையும் முதலில் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடும், ஏ.சி. எப்போது, சாப்பாட்டில் என்னென்ன, இதே படகுதானா?

அவளுக்குத் தெரியாமல் செய்யலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் அவரோடு அதிக நேரம் பேசினேன். அந்த இருபதாம் ஆண்டில் நானும் மனைவிக்குச் சொல்லாமல்தான் ஏற்பாடு செய்தேன். காலையில் “கிளம்பு, ஓர் இடத்துக்குப் போகிறோம்” என்றேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு கறவை மாடு. அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன், ஆனால் அந்த மாடு வேறு ஆளுக்குப் பால் விடாது என்பது எனக்குத் தெரியாது. கால்நடை பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிற அதிகாரிக்கு வீட்டு மாட்டின் குணம் தெரியவில்லை. காயலின் நடுவில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “மடி கட்டியிருக்குமோ?” இரண்டு நாளும் அவள் படகில் இருந்தாள், மனசு தொழுவத்தில் இருந்தது.

விவசாய வீட்டில் திடீர் மகிழ்ச்சி என்பது பெண்களுக்குப் பாதி சந்தோஷம், மீதி பதற்றம். எந்தப் பறிப்புக்காரி மொட்டை நோகாமல் பறிப்பாள், யார் கணக்கில் நேர்மை, மோட்டார் சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே, “இன்றைக்கே சொல்லிவிடுங்கள். போகும் இடத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும்” என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் அன்று ராத்திரியே சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் தோட்டத்தை யார் பார்ப்பது?

பிச்சி வைத்திருக்கும் வீட்டில் பணத்தைவிட நேரத்துக்குத்தான் தட்டுப்பாடு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறித்து, மொட்டு விரியுமுன் சந்தைக்குக் கொண்டு போக வேண்டும். பூவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. “25 வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியூரில் தூங்கியது இரண்டே ராத்திரி, இரண்டும் ஆஸ்பத்திரியில்” என்று அவர் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டு நாளில் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பறிக்காமல் விடக் கூடாது. மொட்டுகள் செடியிலேயே விரிந்து வீணாகும். மொட்டுப்புழு இருக்கும் தோட்டமானால், தாக்கிய மொட்டுகளும் செடியிலேயே நின்று புழு பெருக இடம் கொடுக்கும். அவருக்குச் சொன்னவை இவை:

கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். அந்த இரண்டு நாளில் யாரையும் மோட்டார் போடச் சொல்ல வேண்டாம்.

மருந்து அடிப்பதை முன்னதாகவோ திரும்பி வந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். அடித்துவிட்டு அடுத்தவரைப் பறிக்க விடுவது தவறு.

பறிக்கிறவரை ஒரு நாள் முன்னதாகத் தோட்டத்துக்கு அழைத்து வரிசைகளைக் காட்டுங்கள். கூலியா, பங்கா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சந்தையில் நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் கடைக்குத் தகவல் சொல்லி, உங்கள் பெயரிலேயே எடை எழுதச் சொல்லுங்கள்.

அரளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓணம் கழிந்த விலைக்கு இரண்டு நாள் நட்டம் பெரிதாக இருக்காது.

ஆறாயிரத்தின் கணக்கு

போனில் பேசியபடி அவர் நோட்டில் எழுதிய திட்டம், இரண்டு பேருக்கு:

பறிப்புக் கூலி, இரண்டு நாள் – 1,200
பேருந்து, ரயில், ஆட்டோ – 900
படகு – 1,000
அறை, ஒரு ராத்திரி – 1,500
சாப்பாடு, டீ – 1,000
கைக்காவல் – 400
மொத்தம் – 6,000

படகுக்கு ஆயிரம் ஒதுக்கியது, ஆலப்புழையில் ‘வேகா’ போன்ற அரசுச் சுற்றுலாப் படகில் ஏற மனசு வந்தால் கைகொடுக்கட்டும் என்பதற்காக. சாதாரணப் படகு மட்டும் என்றால் அதில் பெரும்பகுதி மிச்சம். ரயிலில் பகல் பயணம் என்பதால் முன்பதிவில்லாப் பெட்டி போதும். உட்கார இடம் நிச்சயம் வேண்டும் என்பவர்கள் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். பத்து நாள் இருக்கும்போது பார்த்தால் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். அறையை மட்டும் முன்னதாகப் போனில் பேசி உறுதி செய்யச் சொன்னேன். போய் இறங்கியபின் தேடினால் தரகர் கையில் மாட்டுவோம். ஆதார் அட்டையின் அசல் இருவரும் எடுத்துப் போக வேண்டும், அறை எடுக்கக் கேட்பார்கள்.

நடந்தது என்ன?

மனைவியிடம் சொன்னதும் அந்த அம்மா முதலில் கேட்டது, “பூ யாரு பறிப்பா?” அடுத்த நாளே அதற்கு வழியும் அவரே கண்டுபிடித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரியோடு பேசி, இரண்டு நாள் பறிக்கும் பூவில் பாதி அவளுக்கு, பாதி இவர்களுக்கு என்று முடித்தார். அவள் வீட்டு விசேஷத்துக்கு இவர் போய்ப் பறித்துக் கொடுப்பதாகவும் ஏற்பாடு. கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்த 1,200 ரூபாய் அப்படியே நின்றது. சொல்லாமல் செய்திருந்தால் இது நடந்திருக்காது. கொல்லமா, ஆலப்புழையா என்பதையும் அவரே முடிவு செய்தார்: “ராத்திரி தங்கணும்.”

கோட்டயத்திலிருந்து கிளம்பிய படகில் இருவருக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பெரிய கப்பல் இல்லையே என்று அவருக்குத்தான் கூச்சம். அந்த அம்மாவோ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். விவசாயி கண்ணுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

குட்டநாட்டின் வயல்களில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படகில் போகும்போது தண்ணீர் மேலே, வயல் கீழே. வரப்பு என்று நாம் சொல்வது அங்கே காயலைத் தடுத்து நிற்கும் கரை. ஆர் பிளாக், சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று பெயர் வைத்த பெரும் வயல்கள் காயலுக்குள் கரை கட்டித் தண்ணீரை இறைத்து உண்டாக்கியவை. கடைசி மூன்றும் முரிக்கன் என்ற விவசாயி 1940-களில் உருவாக்கியவை. இந்தக் கடல்மட்டத்துக்குக் கீழான சாகுபடியை உலக உணவு வேளாண் நிறுவனம் 2013-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. புஞ்சைப் பட்டத்துக்கு முன் வயலில் நிற்கும் வெள்ளத்தை இறைத்து வெளியே தள்ளினால்தான் விதைக்க முடியும். ஒருவர் மட்டும் இறைத்துப் பயனில்லை. ஒரு பாடசேகரத்து விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து செலவைப் பங்கிட்டு இறைக்கிறார்கள். கடல் உப்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் நடுவில் அடைத்து மார்ச் நடுவில் திறப்பது வழக்கம். திறப்பதா அடைப்பதா என்று நெல்காரர்களுக்கும் மீன்காரர்களுக்கும் அங்கே ஓயாத வழக்கு.

இதையெல்லாம் நான் போனில் சொல்லியிருந்தேன். அந்த அம்மா நேரில் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: “நம்ம ஊருல கடைமடைக்குத் தண்ணி வரலன்னு சண்ட. இங்க தண்ணி போகலன்னு பாடு. ரெண்டு எடத்துலயும் வெவசாயிக்குத்தான் ஒறக்கம் இல்ல.”

சாயங்காலம் ஆலப்புழைக் கடற்கரையில் பழைய கப்பல்பாலத்தின் மிச்சத்தைப் பார்த்தார்கள். மறுநாள் காலை நெடுமுடி போய் வந்தார்கள். சுற்றுலாப் படகு வேண்டுமா என்று இவர் கேட்டபோது, “அது நாலு மணிக்குத்தான் வரும். பெறவு ரயிலப் புடிச்சுப் பாதிராத்திரி போய்ச் சேந்தா காலையில யாரு பறிக்கது?” என்று வேண்டாம் என்றுவிட்டாராம். கைக்காவலைத் தொடாமலே திரும்பினார்கள்.

திரும்பி வந்ததும் அவர் எனக்குப் போன் செய்தார். படகைப் பற்றி இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு சொன்னது இதுதான்: “சார், ரெண்டே முக்காலுக்கு அவளுக்கு முழிப்பு வந்துட்டு. என்னையும் எழுப்பி, பறிக்கதுக்கு ஆளு வந்திருக்குமான்னு கேட்டா. வந்திருக்கும், படுன்னேன். பெறவு படுத்தவ ஏழு மணிக்குத்தான் எழும்புனா. ஏழு மணி வரைக்கும் அவ தூங்கி நான் பாத்ததே இல்ல.”

படகில் ஏறும் எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7-ல் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் போன படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். ஆகவே கூட்டம் அதிகமென்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். தனியார் படகானால் உரிமமும் பயணிகள் எண்ணிக்கையும் எழுதிய பலகையைப் பாருங்கள். உயிர்காப்பு மேலாடையை இடுப்பில் வைக்காமல் உடம்பில் போட்டுக் கட்டுங்கள். எல்லாரும் ஒரு பக்கம் ஓடும்போது நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். பொழுது சாய்ந்தபின் சின்னப் படகில் ஏறவே வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்குக் கடைசி நேரம் வேண்டாம்

நமக்கு ஓய்வு பஞ்சாங்கத்தைப் பார்த்து வராது, பயிரைப் பார்த்துத்தான் வரும். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமும், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் கவாத்து செய்யச் சொல்கிறோம். கவாத்து முடித்து, உரமிட்டு, தண்ணீர் பாய்ச்சிவிட்டால் அடுத்த பூ வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பிச்சிக்காரர்களுக்குப் பொங்கல் விடுமுறைக் கூட்டம் கழிந்த ஜனவரிக் கடைசி வாரம் பயணத்துக்கு ஏற்றது. விலைக்கு ஆசைப்பட்டுக் கவாத்தைத் தள்ளிப்போட்டால் செடிக்கும் ஓய்வில்லை, நமக்கும் இல்லை. நெல்காரர்களுக்குக் கும்பப்பூ அறுவடை முடிந்து கன்னிப்பூ நாற்றங்கால் வரை இடைவெளி உண்டு. ரப்பர் வைத்திருப்பவர்கள் இலையுதிர்ந்து பால்வெட்டு நிற்கும் நாட்களில் போகலாம். திருமண நாள் வேறு மாதத்தில் வந்தால், நாளைத் தள்ளிக் கொண்டாடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

பணத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். சந்தைக்குப் பூ கொண்டுபோகும் நாட்களில் தினம் இருபது ரூபாயைத் தனி டப்பாவில் போடுங்கள். முந்நூறு நாளில் அது ஆறாயிரம். அந்த டப்பாவின் சாவி வீட்டம்மாவிடம் இருக்கட்டும்.

அடுத்த இதழில் வழக்கம்போல மொட்டுப்புழுவுக்கு வருவோம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.